நானூற்றுப் பன்னிரண்டு பொருத்தங்கள்

"மனித குலம் செய்த தவறுகள் எல்லாம் இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். வாங்கிய இடத்தை உரிய நேரத்தில் திருப்பிக் கொடுக்காதது ஒன்று. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று அறியாதது மற்றது. சாம்ராச்சியங்கள் சரிந்ததும் இவற்றால்தான். புரோகிராம்கள் சரிவதும் இவற்றால்தான்."

கண்டியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறினால் வரும் சர்வதேச உயர் கணினியியல் நிறுவனத்தில் நின்று இப்படி முழங்கியவர் சபாரத்தினம் நவரட்ணராஜா. நிறுவனத்தின் ஸ்தாபகர், பணிப்பாளர், முதுநிலை விரிவுரையாளர் மூவரும் அவரே. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏழு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். முழங்கிய நேரத்தில் அவருடைய காலுறைகள் இரண்டும் காற்சட்டைப் பையில் இருந்தன. காலையில் சப்பாத்தைப் போட்டுக் கயிற்றையும் இறுக்கிய பிறகுதான் காலுறை என்று ஒன்று இருப்பது அவர் ஞாபகத்துக்கு வந்திருந்தது.

சர்வதேசம் என்பது, வத்தேகம, பல்லேகல, பிலிமத்தலாவை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் மாணவர்கள் வந்ததைக் குறித்தது. கணினிகள் நான்கு. மூன்றாவதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அது விழிக்கும். இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம். ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்து இரண்டு கிழமை. வீதியில் சோதனைச்சாவடிகள் இரட்டிப்பாகியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடுகளும் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

சி மொழியில் பிழை விடாமல் எழுதுவது எப்படி என்பதுதான் நவரட்ணராஜாவின் பெயர்பெற்ற விரிவுரை. அதற்காக அவர் வாடகை அறையொன்றை வைத்திருந்தார், வாயளவில்.

"மெமரி எண்டது போர்டிங் அறை. கேட்டு வாங்கிறீர். இருக்கிறீர். போகேக்க திறப்பைக் குடுத்திட்டுப் போகோணும். குடுக்காமல் போனால் அந்த அறை ஒருத்தருக்கும் இல்லை. அறையைக் குடுத்திட்டுத் திறப்பை மட்டும் சட்டைப்பையில வச்சிருந்தால் அது இன்னும் மோசம். ஒரு நாளைக்கு மறந்துபோய்த் திறந்து உள்ளுக்குப் போவீர். அங்க வேற ஒருத்தன்ர குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்."

மாணவர்கள் சிரித்தார்கள். அடுத்தது பஸ். "இருபது எழுத்துப் பேருக்கு இருபத்தொரு இடம் வேணும். கடைசி இடம் முடிவைக் காட்டுற பூச்சியத்துக்கு. இடம் காணாட்டி என்ன நடக்கும்? பஸ்ஸில போல மிச்ச எழுத்து பக்கத்துக் கதிரையில போய் இருக்கும். அதில இருந்தவன் எழும்பிப் போயிடுவான். சத்தம் ஒண்டும் கேளாது."

"சேர், நீங்க இதுல எந்தப் பிழை விட்டுருக்கீங்க?" என்று மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர் கேட்டார்.

"நான் பிழை விடுறதில்லை, தம்பி. பிழையை விளங்கப்படுத்துறன்."

கதவோரம் கையில் குடையும் தோளில் பையுமாக நின்ற அன்னலட்சுமி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவளுக்கு ஒன்பது வருடப் பயிற்சி உண்டு. வத்தேகமையில் பிறந்து வளர்ந்தவள். தட்டெழுத்துத் தெரியும் என்று வேலைக்கு வந்தாள். பதிவாளர், செயலாளர், ஆரம்ப வகுப்பு ஆசிரியர் எல்லாம் அவள்தான். நவரட்ணராஜாவின் குறிப்புகளை நாலு தரம் தட்டெழுதியதில் சி மொழி அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது. அவருக்கு இது தெரியும். தெரியும் என்பதை அவர் வெளிக்காட்டியதில்லை.

"சேர், நா கெளம்புறேன். வீரசிங்கம் ஐயாகிட்ட குடுத்துட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்."

"ஓம், வெளிக்கிடும்," என்றார் அவர், கரும்பலகையைப் பார்த்தபடி. அவளுடைய பையில் இருந்த காகிதச் சுருளைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் கொஞ்சம் அதிகமாகவே பாடுபட்டார்.

அந்தச் சுருளுக்கு ஒரு கதை உண்டு. பிலிமத்தலாவையில் வீரசிங்கம் என்பவர் திருமண சேவை நடத்தினார். சண்டையில் சனம் திசைக்கொன்றாகச் சிதறியிருந்ததால், முன்பு சித்தப்பா பெரியம்மாமார் வாய்மொழியாகச் செய்த வேலை இப்போது விபர அட்டைகளில் நடந்தது. அட்டைகள் பெருகின. வீரசிங்கம் அவற்றைக் கணினியில் ஏற்றித் தரும்படி கேட்டார். விதியையும் அவரே சொன்னார்: இரு பக்கமும் நட்சத்திரம் பொருந்த வேண்டும், அல்லது இரு பக்கமும் சாதகம் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அதோடு, எப்படியானாலும், மாப்பிள்ளை பெண்ணைவிட இரண்டு வயதுக்குக் குறையாமலும் ஏழு வயதுக்குக் கூடாமலும் மூத்தவராக இருக்க வேண்டும். அதோடு ஊர் ஒன்றாக இருக்க வேண்டும்.

புரோகிராமை நவரட்ணராஜா எழுதினார். அட்டைகளை அன்னலட்சுமி ஆங்கில எழுத்தில் உள்ளே ஏற்றினாள். பெயருக்கு இருபது இடம் போதும் என்று தீர்மானித்தவர் அவர். நீளமான பெயர்களை அவரிடம் கேளாமலே முதலெழுத்துப் போட்டுச் சுருக்கி ஏற்றியவள் அவள்.

வேலை முடியும் தறுவாயில் அவர் தொண்டையைச் செருமினார்.

"சோதிச்சுப் பாக்க எங்களுக்குத் தெரிஞ்ச இரண்டு பேரின்ர விபரம் வேணும், அன்னலட்சுமி. விடை முன்னமே தெரிஞ்சிருந்தால்தான் அது சோதனை. உம்மடத்தைப் போடும். என்ரையை நான் பிறகு போடுறன்."

"விடை என்னன்னு தெரியுமா சேர்?"

"பொருந்தாது எண்டதுதான் விடை. பொருந்தினால் புரோகிராம் பிழை."

"சரிங்க சேர்," என்று அவள் தன் விபரத்தை உள்ளபடியே ஏற்றினாள். வயது நாற்பது. ஊர் கண்டி. சாதகம் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு அவளிடம் சாதகம் இல்லை. அவள் பிறந்த நேரத்தைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் குறித்து வைக்கவில்லை. கடிகாரம் துரை பங்களாவில் இருந்தது.

வியாழன் மாலை பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டு பொருத்தங்களை அடித்துத் தள்ளியது. நவரட்ணராஜா தாளைக் கிழித்தார், வாசித்துப் பாராமலே சுருட்டினார், ரப்பர் வளையம் போட்டு அவளிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பிலிமத்தலாவை பஸ்ஸில் யன்னலோரம் இருந்துதான் அவள் அதை விரித்தாள். பெயர், நட்சத்திரம், வயது; எதிரே பெயர், நட்சத்திரம், வயது. இருநூற்று ஏழாவது வரியில் அவளுடைய பெயர் இருந்தது. எதிரே அவருடையது.

பஸ் ஆஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டி அடுத்த தரிப்பில் நிற்கும்வரை, அன்னலட்சுமி அதைப் பிழை என்று நினைக்கவில்லை. அவ்வளவு தூரம் மட்டும்தான். பக்கத்தில் இருந்த பெண்ணின் கூடையிலிருந்து வல்லாரை மணத்தது. வெளியே ஒருவர் ஏணியில் ஏறி வெசாக் கூட்டுக்குக் கடதாசி ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் விழுந்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. காரணமில்லாமல் எல்லோருக்கும் நல்லது நடக்கவேண்டும் போல இருந்தது.

பிறகு அவள் அடுத்த வரியைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு அறுபத்தொன்று. பெண்ணுக்கு இருபத்துமூன்று.

மேலே பார்த்தாள். ஐம்பத்தெட்டுக்கு முப்பது. அதற்கும் மேலே, ஒரே பெண்ணுக்கு ஒன்பது மாப்பிள்ளைகள், அதில் மூவர் அவளைவிட இளையவர்கள். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. 'அல்லது' வரும் இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். போடாவிட்டால் சி மொழி 'அதோடு' வருவதையெல்லாம் முதலில் ஒட்டிவிடும். வயதும் ஊரும் சாதகம் பார்க்காதவர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டன. நட்சத்திரம் பொருந்தியவர்களுக்கு வயதில்லை, ஊரில்லை, கேள்வியே இல்லை.

திரும்பவும் இருநூற்று ஏழுக்கு வந்தாள். அங்கே இன்னொன்றும் இருந்தது. அவருடைய நட்சத்திரம் வரவேண்டிய இடத்தில் 'ராஜா' என்று அடித்திருந்தது. சபாரத்தினம் நவரட்ணராஜா. தகப்பனார் பெயரைச் சுருக்க மனமில்லாமல் தானே உட்கார்ந்து முழுதாக ஏற்றியிருக்கிறார். இருபது இடம் 'நவரட்ண'வோடு தீர்ந்துபோக, ராஜா பக்கத்துக் கதிரையில் போய் இருந்துவிட்டார்.

அடைப்புக்குறியும் பிழை, மெமரியும் பிழை. இப்படியான வரியில் எதை நம்புவது? பொருந்தினால் புரோகிராம் பிழை என்று அவரே சொல்லியும் இருக்கிறார். அன்னலட்சுமி தாளைச் சுருட்டி ரப்பர் வளையத்தைப் போட்டாள். அப்போது சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள்.

அடையாள அட்டையைப் பார்த்த பெண் பொலிஸ் பையையும் பார்த்தாள். சுருளை விரித்தாள். தமிழ்ப் பெயர்கள், நீள நெடுக. ஆணும் பெண்ணுமாகச் சோடி சோடியாக. பக்கத்தில் ஏதோ சங்கேதச் சொற்கள்.

"நீங்க கொஞ்சம் நில்லுங்க," என்றாள். பஸ் அன்னலட்சுமியை விட்டுவிட்டுப் போனது.

சாவடிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த ஒரு சப் இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை வாசித்தார். அன்னலட்சுமியின் சிங்களம் வத்தேகமைச் சிங்களம், அவருடையதைவிட ஒரு நூல் சுத்தமானது. கல்யாணப் பட்டியல் என்றாள். நட்சத்திரப் பொருத்தம் என்றாள்.

"பொருத்தம் எனக்கும் தெரியும், மிஸ். என் மகளுக்குப் போன மாசம்தான் பார்த்தேன். பூரம், விசாகம், கேட்டை, எல்லாம் சரி. ஆனால் ராஜா என்று எந்த நட்சத்திரம்? இருபத்தேழிலும் இல்லையே."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய விரல் கீழே போனது.

"அறுபத்தொரு வயசுக்கு இருபத்துமூன்று வயசுப் பிள்ளை. எந்தத் தகப்பன் ஒத்துக்கொள்வான்? இந்தப் பிள்ளைக்கு ஒன்பது பேர். இதுவா கல்யாணம்? யார் இந்த ராஜா? தலைவனா?"

பெண் பொலிஸ் கதவோரம் நகர்ந்து நின்றாள். கொட்டகையில் திடீரென்று இடம் குறைந்தது. இந்த மாதத்தில் இப்படி ஒரு கதவுக்குள் போனவர்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டால், எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்னலட்சுமி தன் கைகளை மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள்.

"இதை எழுதினவரைக் கூப்பிடலாம், மாத்தயா," என்றாள். "அவர் விளக்கம் சொல்லுவார். விளக்கம் சொல்றதுதான் அவர் வேலை."

நவரட்ணராஜா ஓட்டோவில் வந்து இறங்கினார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வாசலிலேயே பைகளில் உள்ளதையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார்கள். மேசையில் அடையாள அட்டை, பேனை, சோக்குத் துண்டு, ஒரு சோடி காலுறை, திறப்புக் கோர்வை ஆகியன வரிசையாக வந்தன. சப் இன்ஸ்பெக்டர் காலுறையைப் பார்த்தார். பிறகு அவருடைய கணுக்காலைப் பார்த்தார்.

நவரட்ணராஜா ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் பேசினார். தம்முடைய பதவிகளையும் நிறுவனத்தின் குறிக்கோளையும் வரிசைப்படி சொன்னார். சிங்களப் பரீட்சை எழுத மறுத்துக் கொள்கைக்காக அரசாங்க உத்தியோகத்தை விட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் அதை எழுதினார், தேறவில்லை என்பது அன்னலட்சுமிக்குத் தெரியும். அவருடைய பழைய கோவைகளை அடுக்கி வைப்பவள் அவள்.

"என்ன சொல்கிறார்?" என்று சப் இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார்.

"வணக்கம் சொல்றார்," என்றாள் அன்னலட்சுமி சிங்களத்தில்.

அதன்பிறகு அவளே இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தாள்.

"அறுபத்தொன்றுக்கு இருபத்துமூன்று எப்படினு கேக்குறாரு, சேர்."

"சாத்தியமில்லை எண்டு சொல்லும். என்ர புரோகிராமில பிழை வராது."

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, தமிழிலேயே சொன்னாள். "சேர், புரோகிராம்ல பிழை இல்லனா இது கல்யாணப் பட்டியல் இல்ல. கல்யாணப் பட்டியல் இல்லனா நா வீட்டுக்குப் போக மாட்டேன்."

நவரட்ணராஜா முதன்முதலாகத் தன் பட்டியலை வாசித்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையைப் போல விரல் வைத்து வாசித்தார். மூன்றாவது தாளில் விரல் நின்றது. பிறகு கழுத்துப்பட்டியைக் கழற்றி, காலுறைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிழை என்ரதான் எண்டு சொல்லும்."

சொன்னாள்.

"அடைப்புக்குறி போட மறந்திட்டன் எண்டு சொல்லும்."

சொன்னாள். சப் இன்ஸ்பெக்டருக்கு அது விளங்கவில்லை. ஒரு குறியை மறந்ததற்கு அறுபத்தொரு வயதுக்காரன் எப்படி மாப்பிள்ளையாவான் என்று கேட்டார்.

நவரட்ணராஜா யோசித்தார். போர்டிங் அறை உதவாது, பஸ்ஸும் உதவாது. "என்ர போர்டிங்கில சமைக்கிற ஆளிட்ட ஒருநாள் எழுதி வச்சிட்டு வந்தன். 'பாண், அல்லது இடியப்பமும் சம்பலும்' எண்டு. பாணெண்டாலும் சம்பல் வரும் எண்டு நான் நினைச்சன். வெறும் பாண் வந்தது. ஏனெண்டால் சம்பல் இடியப்பத்தோட ஒட்டிக்கொண்டு போட்டுது. இங்கயும் அதுதான். வயசும் ஊரும் சம்பல். நட்சத்திரம் பொருந்தின ஆக்கள் பாண். அவைக்குச் சம்பல் கிடைக்கேல்லை."

அன்னலட்சுமி இதைச் சிங்களத்தில் சொன்னபோது, பெண் பொலிஸுக்கு முதலில் விளங்கியது. "எங்க கேன்டீன்லயும் இப்படித்தான், சேர்!" என்றாள். சப் இன்ஸ்பெக்டர் அறுபத்தொரு வயதுக்காரரை மறுபடி பார்த்தார். "அப்போ இவர் வெறும் பாண்," என்றார்.

"வெறும் பாண்," என்று அன்னலட்சுமி உறுதிப்படுத்தினாள்.

"ராஜா?"

நவரட்ணராஜா சோக்குத் துண்டை எடுத்து மேசைப் பலகையிலேயே தன் முழுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். இருபது இடம் என்று விரல்களைக் காட்டினார். சப் இன்ஸ்பெக்டர் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். இருபதாவதில் கோடு போட்டார். கோட்டுக்கு அப்பால் ராஜா தனியே நின்றார்.

"பெரிய பெயர்."

"தகப்பன்ர பேரை விட மனமில்லை எண்டு சொல்லும். நீட்டுப் பேருக்கு இடம் விடோணும் எண்டு பதினொரு வருசமாப் படிப்பிக்கிறன் எண்டும் சொல்லும். வேணாம். அதைச் சொல்லாதேயும்."

அவள் சொல்லவில்லை. சப் இன்ஸ்பெக்டர் அவர் முகத்தைப் பார்த்ததில், சொன்னது போலவே ஆகிவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் திறப்புக் கோர்வையைப் புரட்டினார். மூன்று திறப்பு பளபளத்தது. ஒன்று துருவும் கரியுமாக இருந்தது. "இது எதற்கு?"

"அது வீட்டுத் திறப்பு," என்றார் நவரட்ணராஜா. "இங்க கண்டியில, கட்டுகலைக்குக் கிட்ட இருந்தது. எண்பத்துமூண்டில எரிஞ்சுபோச்சு."

அன்னலட்சுமி மொழிபெயர்த்தாள். சப் இன்ஸ்பெக்டர் கோர்வையை முன்பிருந்த இடத்திலேயே, முன்பிருந்த மாதிரியே வைத்தார். பதினேழு வருடமாக நவரட்ணராஜா, ஊர் எது என்று கேட்டவர்களிடம் எல்லாம் யாழ்ப்பாணம் என்றே சொல்லிவந்தார். கண்டியில் சும்மா நிற்பதாகச் சொல்வார். அறையைக் கொடுத்துவிட்டுத் திறப்பை வைத்திருக்கக் கூடாது என்று வாரத்துக்கு இரண்டு வகுப்பில் சொல்வார்.

சப் இன்ஸ்பெக்டர் பட்டியலைச் சுருட்டப்போனவர், ஏதோ கண்ணில் பட்டு நிறுத்தினார். பட்டியலைப் பார்த்தார். மேசையில் கிடந்த இரண்டு அடையாள அட்டைகளையும் பார்த்தார். ஆணின் அட்டையை எடுத்துக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இருநூற்று ஏழு. இது நீங்கள் இரண்டு பேரும்தானே, மிஸ்? இதுவும் வெறும் பாணா என்று கேளுங்கள்."

அன்னலட்சுமி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது.

"இருநூத்தி ஏழும் பிழையானு கேக்குறாரு, சேர்."

நவரட்ணராஜா ஆம் என்றால் காரியம் அத்தோடு முடிந்துவிடும். புரோகிராம் பிழை, வரி பிழை, வீட்டுக்குப் போகலாம். அவள் அந்த 'ஓம்' விழப்போகும் இடத்தை முன்கூட்டியே காலியாக்கி வைத்திருந்தாள். பஸ்ஸிலேயே காலியாக்கிவிட்டாள்.

"இல்லை," என்றார் அவர். சோக்குத் தூசி படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் ஒருநாளும் பேசாத ஒரு சின்னக் குரலில் சொன்னார். "அது பிழையில்லை, அன்னலட்சுமி. அடைப்புக்குறி போட்டாலும் அது நிக்கும்."

அவள் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொன்னார்?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"ஹரி என்கிறார்," என்றாள். சரி என்பதற்கு அதைவிடச் சின்னச் சொல் சிங்களத்தில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"இத்தனை நேரம் பேசினதில் உங்கள் சேர் சுருக்கமாகச் சொன்னது இதுதான்," என்றார் அவர். பட்டியலைச் சுருட்டி ரப்பர் வளையத்தைப் போட்டு, இரண்டு அடையாள அட்டைகளையும் சேர்த்து அவளிடமே கொடுத்தார்.

பிலிமத்தலாவைக்குப் போகவில்லை. கண்டி பக்கம் போன பஸ்ஸில் ஒரே ஆசனத்தில் இருந்து திரும்பினார்கள். வழியில் அவர், "பயந்திட்டீரோ?" என்றார். "ஆமா சேர்," என்றாள். "நானும்தான்," என்றார். அவளுக்காகவா, தனக்காகவா, இருநூற்று ஏழுக்காகவா என்று அவள் கேட்கவில்லை.

மாலையில் மாணவர்கள் போன பிறகு, அன்னலட்சுமி மூன்றாவது கணினியின் முதுகில் தட்டி, அந்த வரியைத் திறந்தாள். அவர் யன்னலோரம் நின்று, தெருவில் அவசரமான ஏதோ நடப்பதுபோலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் 'அல்லது' வரும் இரண்டையும் சுற்றி அடைப்புக்குறி போட்டாள். பெயருக்கு நாற்பது இடம் கொடுத்தாள். அவர் சொன்னது சொன்னதுதான். ஆனால் அது பொலிஸுக்கு முன்னால் சொன்னது. பொலிஸுக்கு முன்னால் மனிதர் என்னவும் சொல்லுவார். கணினிக்கு அந்தப் பயமில்லை.

ஓடவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பத்தொன்பதாகச் சுருங்கியது. அறுபத்தொன்று காணாமல் போனார். ஒன்பது மாப்பிள்ளைகளில் எட்டுப் பேர் போய்விட்டார்கள். பன்னிரண்டாவது வரியில் அவளும் அவரும் அப்படியே நின்றார்கள்.

"நிக்குதோ?" என்றார் யன்னலைப் பார்த்தபடி.

"நிக்குது சேர்."

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அன்னலட்சுமி ஏன் நிற்கிறது என்று பார்க்கிற ஆள். அவருடைய பதிவைத் திறந்தாள். சாதகம்: பார்ப்பதில்லை. கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் நாள் பார்த்து நேர்த்தி வைக்கிற மனிதர். ஊர்: கண்டி.

அந்த ஐந்து ஆங்கில எழுத்துகளை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"சேர், ஊர் கண்டினு போட்டுருக்கீங்க."

"ஓம்."

"யாழ்ப்பாணம்னுதானே எப்பவும் சொல்லுவீங்க."

"சோதனைக்குப் போட்டது," என்றார். பிறகு திரும்பினார். காலுறை இன்னும் பையில்தான் இருந்தது. ஒன்றின் நுனி வெளியே தொங்கியது. "உம்மடத்தைப் பாத்திட்டுத்தான் என்ரையைப் போட்டனான்."

"பொருந்தாதுனு சொன்னீங்களே. பொருந்தினா புரோகிராம் பிழைனு."

"அது அவசரத்தில சொன்னது. எதை முதல்ல சொல்லுறது எண்டு தெரியேல்லை."

அன்னலட்சுமி சிரித்தாள். ஒன்பது வருடப் பயிற்சி அந்த ஒரு சிரிப்பில் போய்விட்டது. "சாம்ராச்சியம் சரிஞ்சிருக்கும், சேர்," என்றாள்.

"இனி அந்தச் சேரை விடும்."

"அதுக்குக் கொஞ்ச நாள் வேணும்." பதிவை மூடப் போனவள், அவருடைய அடையாள அட்டை இன்னும் தன் பையில் இருப்பது ஞாபகம் வந்து எடுத்து நீட்டினாள். நீட்டும்போது இலக்கம் கண்ணில் பட்டது. அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு என்பது, இந்த நாட்டில் சோதனைச்சாவடியைக் கடந்த எல்லோருக்கும் தெரியும். சப் இன்ஸ்பெக்டர் எதைப் பார்த்தார் என்றும், அட்டையை ஏன் தன்னிடம் கொடுத்தார் என்றும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

திரையில் அவருடைய வயது நாற்பத்தாறு என்று இருந்தது, அவளைவிட ஆறு கூட, விதியின் ஏழுக்குள். அவள் அதைத் திருத்தவில்லை. பதிவைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தாள்.

அட்டை இலக்கம் ஐம்பத்தொன்றில் தொடங்கியது. நவரட்ணராஜாவுக்கு அந்தத் தை மாதமே நாற்பத்தொன்பது முடிந்திருந்தது.